நரியா? பரியா?
பழைய டர்போ காரும் முதல் கார் வாங்குவோரும்

(இளங்கலை இயற்பியல், மூன்றாம் ஆண்டு மாணவன்)

முன்னுரை

என் சொந்த ஊர் திருவாதவூர். மாணிக்கவாசகர் பிறந்த ஊர் என்றால் அறியாதார் இல்லை. குதிரை வாங்கி வரும்படி அரிமர்த்தன பாண்டியன் பொன் கொடுத்து அனுப்பிய அமைச்சர் அவர். அந்தப் பொன் திருப்பெருந்துறையில் இறைபணிக்குச் செலவாயிற்று. அடியவரைக் காக்க இறைவன் நரிகளைப் பரிகளாக்கி மதுரைக்கு ஓட்டி வந்தான். மன்னன் கண்டான், மகிழ்ந்தான், கயிறு மாறிக் குதிரைகளைப் பெற்று இலாயத்தில் கட்டினான். இரவு வந்தது. குதிரைகள் எல்லாம் மீண்டும் நரிகளாகி ஊளையிட்டன. இந்தத் திருவிளையாடல் இன்றும் ஆண்டுதோறும் ஆவணி மூலத் திருவிழாவில் மதுரையில் நிகழ்த்திக் காட்டப்படுகிறது.

சென்ற தை மாதத்தில் எங்கள் வீட்டிலும் 'குதிரை' வாங்கும் பேச்சு எழுந்தது. என் அண்ணன் சிங்கப்பூரில் நான்கு ஆண்டுகள் உழைத்துச் சேர்த்து அனுப்பிய 3,50,000 ரூபாய் கையில் இருந்தது. அப்பத்தாவை மாதம் இருமுறை மதுரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். பேருந்தில் ஏறி இறங்க அவரால் இயலாது. வாடகைக் காருக்குக் கொடுத்துக் கட்டுப்படியாகவில்லை. ஆகவே, பழைய கார் ஒன்று வாங்குவதென முடிவாயிற்று. எங்கள் குடும்பத்தில் யாரும் இதற்கு முன் கார் வாங்கியதில்லை. "நீதானே இயற்பியல் படிக்கிறாய், நீயே பார்" என்று அப்பா பொறுப்பை என்னிடம் விட்டார்.

என் மனமோ டர்போ காரின்மீது இருந்தது. சிறிய எஞ்சின், பெரிய வேகம், நண்பர்களிடையே பெருமை! பழைய டர்போ காரை முதல் காராக வாங்குவது அறிவுடைமையா என்ற வினாவுக்கு விடை தேடி நான் இரண்டு மாதங்கள் அலைந்தேன். அந்த அலைச்சலில் கற்றதையே இங்கே எழுதுகிறேன். நம் கல்லூரியில் படிக்கும் பலரும் நாளை வேலைக்குச் சென்று தம் குடும்பத்தின் முதல் காரை வாங்கப் போகிறவர்களே. அவர்களுக்கு இது பயன்படக்கூடும்.

டர்போ என்றால் என்ன?

எஞ்சினின் வலிமை அது எரிக்கும் எரிபொருளின் அளவைப் பொறுத்தது. எரிபொருள் எரிவதற்கு உயிர்வளி வேண்டும். சாதாரண எஞ்சினில் பிஸ்டன் கீழே இறங்கும்போது வெளிக்காற்று தன் சொந்த அழுத்தத்தால் உள்ளே நுழைகிறது. அதற்குமேல் காற்று வேண்டுமானால் எஞ்சினைப் பெரிதாக்க வேண்டும். அல்லது காற்றை வலிந்து உள்ளே திணிக்க வேண்டும்.

கொல்லன் பட்டறையில் துருத்தி என்ன செய்கிறது? காற்றை ஊதி அதே உலையில் அதிக வெப்பத்தை உண்டாக்குகிறது. டர்போவும் ஒரு துருத்தியே. ஆனால், இந்தத் துருத்தியை இயக்கத் தனி ஆள் வேண்டியதில்லை. உலையிலிருந்து வீணாக வெளியேறும் புகையே அதை இயக்குகிறது. புகைக்குழாயின் வழியில் ஒரு சுழலிச் சக்கரம் இருக்கும். வெளியேறும் புகை அதைச் சுழற்றும். அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு சக்கரம் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்தும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதை நாம் அறிவோம். அதுபோல, அழுத்தப்பட்ட காற்றும் சூடாகும். சூடான காற்று அடர்த்தி குறைந்தது. ஆதலின், அதைக் குளிர்விக்க 'இன்டர்கூலர்' என்னும் குளிர்விப்பானை இடையில் வைத்திருக்கிறார்கள்.

இந்த முறையை வகுத்தவர் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூஹி. அவர் இதற்குக் காப்புரிமை பெற்ற ஆண்டு 1905. முதலில் கப்பல்களிலும் விமானங்களிலும் பயன்பட்ட டர்போ, 1962-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் விற்பனைக்கார்களுக்கு வந்தது. அவற்றுள் ஒன்றான ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர் காரின் வரலாறு நமக்கு ஒரு பாடம். எஞ்சினில் 'தட்டல்' ஏற்படாமல் தடுக்க, தண்ணீரும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவத்தை உரிமையாளர் தனித் தொட்டியில் ஊற்றி வர வேண்டும். பலர் ஊற்ற மறந்தார்கள். கார் வலுவிழந்தது, புகார்கள் குவிந்தன. 1963-க்குப் பிறகு அந்தக் கார் தயாரிக்கப்படவில்லை. பின்னாளில் டர்போவையே கழற்றிவிட்டுச் சாதாரணக் கார்புரேட்டரைப் பொருத்தித் தரவும் நிறுவனம் முன்வந்தது. இயந்திரம் கெட்டது பாதி, உரிமையாளரின் பழக்கம் கெடுத்தது பாதி எனலாம்.

நம் நாட்டில் டர்போ

டர்போ என்றாலே பந்தயக் கார் என்று நினைப்பவர் உண்டு. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். உண்மையில் நம் ஊர்ச் சாலைகளில் பல ஆண்டுகளாக ஓடும் டீசல் கார்களில் மிகப் பெரும்பாலானவை டர்போ பொருத்தியவையே. 2007-இல் வந்த மாருதி ஸ்விஃப்ட் டீசல் காரில் இருந்தது ஃபியட் வழிவந்த 1248 சி.சி. எஞ்சின். டர்போவின் துணையால் அது 75 குதிரைத்திறன் தந்தது. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 புகைவிதி நடைமுறைக்கு வந்தபோது மாருதி டீசல் கார் செய்வதையே நிறுத்திவிட்டது. ஆயினும், பழைய கார்ச் சந்தையில் அவை இன்றும் கைமாறிக்கொண்டே இருக்கின்றன.

பெட்ரோல் டர்போ பெருகியதற்கு வரிவிதியும் ஒரு காரணம். சிவகங்கைச் சீமையைச் சேர்ந்த திரு. ப. சிதம்பரம் அவர்கள் நிதியமைச்சராக இருந்து அளித்த 2006-ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் சிறிய கார்களுக்கு உற்பத்தி வரி குறைக்கப்பட்டது. நீளம் 4 மீட்டருக்குள், எஞ்சின் பெட்ரோலானால் 1200 சி.சி.க்குள், டீசலானால் 1500 சி.சி.க்குள் இருக்க வேண்டும் என்பது விதி. எஞ்சினைப் பெரிதாக்க வழியில்லை, வலிமையோ வேண்டும். அதற்குக் கிடைத்த வழி டர்போ. 2013-இல் ஃபோர்டு எக்கோஸ்போர்ட் 999 சி.சி. எஞ்சினில் 125 குதிரைத்திறனோடு வந்தது. ஃபோக்ஸ்வாகன் போலோ ஜி.டி., டாடா நெக்ஸான், ஹூண்டாய் வென்யூ, நிஸான் மேக்னைட் எனப் பலவும் வந்தன. இவற்றுள் சில, சென்னையை அடுத்த மறைமலைநகர், ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதிகளில் நம் தமிழ்த் தொழிலாளர் கைகளால் உருவானவை என்பது நமக்குப் பெருமை.

நன்மைகள்

டர்போவின் நன்மையை ஒரே காரின் இரு வகைகளை ஒப்பிட்டு அறியலாம். சாதாரண மாருதி பலேனோவில் 1197 சி.சி. எஞ்சின் ஏறத்தாழ 84 குதிரைத்திறன் தந்தது. 2017-இல் வந்த பலேனோ ஆர்.எஸ். காரில் 998 சி.சி. டர்போ எஞ்சின் ஏறத்தாழ 102 குதிரைத்திறன் தந்தது. சிறியது பெரியதை வென்றது! ஐந்து பேரும் மூட்டைகளும் ஏறிக் கொடைக்கானல் மலைப்பாதையில் போகும்போது இந்த வேறுபாடு நன்கு தெரியும். நான்குவழிச் சாலையில் ஒரு லாரியை முந்துவதற்கான நேரமும் குறையும்.

காப்பீட்டிலும் ஒரு சிறு ஆதாயம் உண்டு. மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணம் குதிரைத்திறனைப் பாராமல் சி.சி.யைப் பார்த்தே விதிக்கப்படுகிறது. 2022-இல் அறிவிக்கப்பட்ட கட்டணப்படி, 1000 சி.சி.க்கு மேற்படாத காருக்கு ஆண்டுக்கு 2,094 ரூபாய்; அதற்கு மேல் 1500 சி.சி. வரை 3,416 ரூபாய். ஆகவே 998 சி.சி. டர்போ கார் குறைந்த கட்டண வரிசையிலேயே நிற்கிறது.

இவ்வளவையும் குறிப்பேட்டில் எழுதி அப்பாவிடம் காட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லாம் சரிப்பா, இது புதுசுக்கு எழுதுனதா, பழசுக்கு எழுதுனதா?" என்றார். அப்போதுதான் நான் மறுபக்கத்தைப் பார்க்கத் தொடங்கினேன்.

இடர்கள்

டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலக்கூடியது. அதன் ஒரு பக்கத்தில் பல நூறு பாகை வெப்பமுள்ள புகை, மறுபக்கத்தில் வெளிக்காற்று. பெரும்பாலான கார்களில் அந்தத் தண்டைத் தாங்குவது எஞ்சின் ஆயிலால் ஆன ஒரு மெல்லிய படலமே. ஆயில் அழுக்கானாலும், குறைந்தாலும், தரம் தாழ்ந்ததானாலும் அந்தப் படலம் கிழியும். பிறகு தண்டு ஆடும், சக்கரம் உரசும், ஆயில் காற்றுக்குழாயில் கசியும். சாதாரண எஞ்சின் ஆயில் மாற்றத் தவறியதைச் சில காலம் பொறுத்துக்கொள்ளும். டர்போ அவ்வளவு பொறுமை காட்டாது.

இங்கேதான் பழைய கார் வாங்குவதின் நுட்பம் இருக்கிறது. நாம் வாங்குவது வெறும் இரும்பன்று. முன்னவரின் பழக்கத்தையும் சேர்த்தே வாங்குகிறோம். அவர் காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் ஆயில் ஏறும்முன் முடுக்கினாரா? நெடுஞ்சாலையில் விரட்டிவந்து நிறுத்திய மறுகணமே சாவியைத் திருப்பினாரா? மலிவான ஆயிலை ஊற்றினாரா? கணினிப் பெட்டியில் கைவைத்து வேகத்தைக் கூட்டினாரா? இவை எதுவும் பளபளக்கும் வண்ணத்தில் தெரியாது. டர்போ கெட்டால், சிறிய காருக்குக்கூடப் பல பத்தாயிரம் ரூபாய் ஆகும். கையிருப்பை எல்லாம் காரிலேயே போட்டுவிட்டவனுக்கு அந்தக் கார் அன்று முதல் வாசலில் நிற்கும் பந்தல்.

முதன்முதலாக ஓட்டுபவருக்கு இன்னோர் இடரும் உண்டு. ஆக்ஸிலேட்டரை மிதித்தவுடன் டர்போ வேகம் பிடிக்கச் சிறிது நேரம் ஆகும். வண்டி இழுக்கவில்லையே என்று புதியவர் மேலும் மிதிப்பார். அதே நொடியில் வலிமை திடீரென வந்து வண்டி பாயும். திருமோகூர்ச் சாலையில் ஆட்டு மந்தை குறுக்கே வரும்போது இப்படிப் பாய்ந்தால் என்ன ஆகும் என்பதை நான் எழுத வேண்டியதில்லை. பழகியவருக்கு இது ஒரு பொருட்டன்று. பழகும் காலத்தில்தான் ஆபத்து.

நம் பயணத்தின் தன்மையையும் எண்ண வேண்டும். எங்கள் வீட்டுக் காரின் அன்றாட ஓட்டம் மேலூருக்குப் போய்வருவது. குறுந்தூரத்திலேயே முடிந்துவிடும். எஞ்சின் நன்கு சூடேறுமுன் இறங்க வேண்டிய இடம் வந்துவிடும். 2020-க்குப் பின் வந்த பி.எஸ். 6 டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி உண்டு. நெடுந்தூரம் சூடாக ஓடினால்தான் அதில் சேரும் கரி எரிந்து நீங்கும். குறுந்தூரம் மட்டுமே ஓடினால் அடைத்துக்கொள்ளும். தினமும் மதுரைக்கும் திருச்சிக்கும் போய்வருபவருக்கு ஏற்ற வண்டி, பால்பண்ணைக்கும் வயலுக்கும் போய்வருபவருக்கு ஏற்றதாகாது.

சிவப்புக் குதிரை

இவ்வளவு அறிந்த பின்னும் என் ஆசை அடங்கவில்லை. மதுரையில் ஒரு சிவப்பு நிறப் பெட்ரோல் டர்போ கார் 3,40,000 ரூபாய்க்கு விலைக்கு இருந்தது. மூன்றாவது உரிமையாளர் விற்கிறார். ஓட்டிப் பார்த்தேன். அந்த இழுப்பையும், மெல்லிய சீட்டி ஒலியையும் இப்போது நினைத்தாலும் உள்ளம் துள்ளுகிறது. அன்றே முன்பணம் கொடுக்கத் துடித்தேன்.

அப்பா என் தோளில் கைவைத்தார். அவர் மாடு வாங்குவதில் தேர்ந்தவர். சந்தையில் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பார், சுழி பார்ப்பார், நடக்கவிட்டுப் பின்னால் நின்று பார்ப்பார். "மாட்டுக்குப் பல்லு இருக்கு. இதுக்கு எதைப் பிடிச்சுப் பாக்குறது?" என்று கேட்டார். விடை தெரியாமல், மேலூரிலிருந்து ஒரு மெக்கானிக்கை அழைத்துப் போனோம்.

அவர் முதலில் வெளித்தோற்றத்தைப் பார்க்கவே இல்லை. "தம்பி, நாம வர்றதுக்கு முன்னாடியே வண்டியைச் சூடு பண்ணி வெச்சிருக்காங்க. நாளைக்கு விடியக்காலை வருவோம்" என்று திரும்பிவிட்டார். மறுநாள் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்தபோது பின்குழாயில் நீலப்புகை வந்தது. ஆயில் எரிகிறது என்பதன் அடையாளம் அது. பிறகு இன்டர்கூலரின் குழாயைக் கழற்றினார். "லேசா ஆயில் பூச்சு இருந்தாப் பரவாயில்லண்ணே. இங்க பாருங்க" என்று அப்பாவிடம் காட்டினார். குழாய்க்குள் ஆயில் தேங்கி நின்றது. இன்னொரு குழாயைக் கழற்றி, டர்போவின் தண்டை விரலால் அசைத்தார். அது தாராளமாக ஆடியது. சர்வீஸ் கணக்கைக் கேட்டோம். கடைசி இரண்டு ஆண்டுகளுக்கு எந்தச் சீட்டும் இல்லை.

பகலில் பரியாக நின்றது, விடியலில் ஊளையிட்டுவிட்டது. அண்ணனின் நான்கு ஆண்டு உழைப்பை நான் ஒரே நாளில் கயிறு மாற்றிக் கொடுத்திருப்பேன் என்பதை எண்ணியபோது எனக்கு வியர்த்துவிட்டது.

வாங்குவோர் கவனிக்க வேண்டியவை

அந்த அனுபவத்திலிருந்து நான் தொகுத்த குறிப்புகள் இவை:

1. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே போய்ப் பாருங்கள். நீலப்புகை ஆயில் எரிவதைக் காட்டும். இடைவிடாத கரும்புகை காற்றுக் குறைவையோ எரிபொருள் மிகுதியையோ காட்டும்.

2. ஆயில் மாற்றிய சீட்டுகளை ஆண்டு வாரியாகக் கேளுங்கள். கையேட்டில் குறித்த கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, எது முந்துகிறதோ அப்போது மாற்றியிருக்க வேண்டும். சீட்டு இல்லாத டர்போ காரை வாங்காதீர்கள். இந்த ஒரு விதியே பாதிக் கவலையைத் தீர்க்கும்.

3. மெல்லிய சீட்டி ஒலி இயல்பானது. சங்கு ஊதுவதுபோல் உயர்ந்து எழும் ஒலியும், உலோகம் உரசும் ஒலியும் இயல்பல்ல.

4. அந்த வகைக் கார் இப்போதும் தயாராகிறதா என்று பாருங்கள். பலேனோ ஆர்.எஸ். 2020-இல் நின்றது. ஃபோர்டு 2021-இல் இந்திய உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. போலோ 2022-இல் விடைபெற்றது. உதிரிபாகம் மதுரையில் எத்தனை நாளில் கிடைக்கும் என்று விசாரித்த பின்பே விலை பேசுங்கள்.

5. சென்னையில் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் பெருவெள்ளம் வந்தது. வெள்ளத்தில் மூழ்கிய கார்கள் வெளியூர்களில் விலைபோவது உண்டு. இருக்கைக்கு அடியிலும் தரைவிரிப்புக்குக் கீழும் சேறும் துருவும் உள்ளனவா என்று பாருங்கள்.

6. மத்திய அரசின் 'பரிவாகன்' இணையதளத்தில் வண்டியின் பதிவு, காப்பீடு, கடன், அபராத நிலுவை ஆகியவற்றைப் பாருங்கள். பெயரிலேயே 'பரி' இருக்கிறது. நரியைக் கண்டுகொள்ள அதுவும் உதவும்! படிவம் 29, 30 வழியாகப் பெயர் மாற்ற வேண்டும். வாங்கியவர் 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம். வண்டியின்மேல் கடன் இருந்தால், கடன் தீர்ந்ததற்கான படிவம் 35 கையில் வராமல் முழுப்பணத்தையும் கொடுக்காதீர்கள்.

7. கையிலுள்ள தொகையில் ஐந்தில் ஒரு பங்கைக் காரில் போடாதீர்கள். அது முதலாண்டுச் செலவுக்கு உரியது. டர்போ காருக்கு இது கட்டாயம்.

வாங்கிய பிறகும் சில பழக்கங்கள் தேவை. ஸ்டார்ட் செய்தவுடன் முடுக்காமல் மெதுவாகக் கிளப்ப வேண்டும். நெடுஞ்சாலையில் விரைந்து வந்து நிறுத்தினால், அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை எஞ்சினை ஓடவிட்டுப் பின் அணைக்க வேண்டும். டர்போவில் நிற்கும் ஆயில் கருகாமல் இருக்க இது உதவும். ஊருக்குள் கடைசி ஒரு கிலோமீட்டரை மெதுவாக ஓட்டி வந்தால் அதுவே போதும்.

முடிவுரை

அப்படியானால் பழைய டர்போ கார் ஆகாதா? அப்படிச் சொன்னால் நியாயமாகாது. எங்கள் தெருவில் ஒரு மாமா இருக்கிறார். முன்பு லாரி ஓட்டியவர். பழைய டர்போ டீசல் கார் ஒன்றை வைத்து இரண்டு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறார். ஆயில் மாற்றிய தேதியைக் கதவின் உட்பக்கத்தில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதி வைத்திருப்பார். வீட்டு வாசலில் நிறுத்தியதும், எஞ்சினை அணைக்கும்முன் ஒரு வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொள்வார். "வெத்தலை மடிக்கிற நேரம் அதுக்கு மூச்சு வாங்கக் குடுக்கணும் மாப்ளே" என்பார். அவரிடம் இருக்கும்வரை அந்த டர்போ பரியாகவே இருக்கும்.

ஆகவே என் முடிவு இது: டர்போ குற்றமுடையதன்று, ஆனால், அது பழக்கத்தைக் கேட்கும் இயந்திரம். முன்னவரின் பழக்கத்துக்குச் சீட்டு இருந்து, நம் ஓட்டம் நெடுந்தூரமாக இருந்து, ஐந்தில் ஒரு பங்கு பணம் கையில் மிஞ்சினால் வாங்கலாம். இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் முதல் காருக்கு டர்போ வேண்டாம். ஓட்டவும் பேணவும் சாதாரண எஞ்சினில் கற்றுக்கொண்டு, இரண்டாவது காராக வாங்கிக்கொள்ளலாம்.

எங்களுக்கு மூன்றில் இரண்டு குறைந்தன. 2,75,000 ரூபாய்க்கு ஒரு சாதாரணப் பெட்ரோல் கார் வாங்கினோம். முதல் உரிமையாளர், ஓய்வுபெற்ற ஆசிரியர், சர்வீஸ் சீட்டுகளை ஆண்டு வாரியாகத் தைத்து வைத்திருந்தார். மீதி 75,000 ரூபாயில் நான்கு டயர்களும் பேட்டரியும் மாற்றியது போக மிச்சம் அம்மாவின் பெட்டியில் இருக்கிறது. மலை ஏறும்போது அந்தக் கார் சற்று முனகும். ஆனால், மாதம் இருமுறை விடியற்காலையில் அப்பத்தாவை ஏற்றிக்கொண்டு, யானைமலையைக் கடந்து, மதுரைக்குப் போய் இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிடுகிறது. இதுவரை ஒருநாளும் வழியில் நின்றதில்லை.

சென்ற வாரம் அண்ணன் தொலைபேசியில், "வண்டி வேகமாப் போகுதாடா?" என்று கேட்டான். "வீட்டுக்கு வந்து சேருதுண்ணே" என்றேன்.